கீழே படுத்துத் தேடினார்கள், வழியோ காருக்குள்ளே! பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு கிளட்ச் மாற்றிய மேஸ்திரி

சென்னை புதுப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்து. தகரக் கூரை போட்ட சின்ன ஒர்க்ஷாப். அதன் வாசலுக்கு ஒரு சிவப்புக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். தெருவே கூடிவிட்டது.

சாதாரணக் கார் அல்ல. இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே துணிக் கூரை. வேண்டும்போது மடக்கிக் கொள்ளலாம். பானெட்டைத் திறந்தால் மூடி மட்டும் வராது. இரண்டு பக்க மட்கார்டுகளும் சேர்ந்து, காரின் முன்பாதி முழுவதும் முதலை வாயைப் பிளந்தது போல முன்பக்கமாகச் சாயும்!

'டிரையம்ப் ஸ்பிட்பயர்' என்ற ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டாம் உலகப்போரில் பறந்த விமானத்தின் பெயரைத் தாங்கிய கார். ஆனால் அன்றைக்கு அதனால் பத்தடி கூட நகர முடியவில்லை. காரணம், கிளட்ச் தேய்ந்துவிட்டது.

ஜெமினி பாலத்தில் திணறல்

காரின் சொந்தக்காரர் பெரிய செல்வந்தர் அல்ல. சின்ன அச்சகம் நடத்துகிறவர். அவருடைய அப்பா ஆசைப்பட்டு வாங்கிய கார். அப்பா போய்விட்டார், கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வைப்பார்.

ஒரு ஞாயிறு ஜெமினி மேம்பாலம் ஏறும்போது கோளாறு தெரிந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் அலறுகிறது. வண்டி மட்டும் வேகம் எடுக்கவில்லை. கூடவே ஒரு கருகல் வாடை. பின்னால் வந்த ஆட்டோக்காரர், "சார், வண்டி தீயுது!" என்று கத்திவிட்டுப் போனார்.

முதலில் காட்டிய இடத்தில், "என்ஜினையே இறக்கணும் சார், செலவு ஜாஸ்தி ஆகும்" என்று கையை விரித்தார்கள். எப்படியோ மூக்கில் வியர்த்து ஒரு புரோக்கரும் வந்துவிட்டார். "ஓடாத வண்டிக்கு இதுக்கு மேலே யாரும் தர மாட்டாங்க" என்று அடிமாட்டு விலை கேட்டார்.

அச்சகக்காரருக்கு மனசு கேட்கவில்லை. விசாரித்து விசாரித்து இந்தச் சந்துக்கு வந்து சேர்ந்தார்.

"கதவைத் திறடா!"

ஒர்க்ஷாப் பையன்கள் இரண்டு பேர் காருக்கு அடியில் புகுந்தார்கள். கியர் பாக்சைக் கழற்றிக் கீழே இறக்கினால்தான் கிளட்ச் தெரியும். ஆனால் சேசிசின் இரண்டு கனத்த இரும்புச் சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன. கியர் பாக்ஸ் அவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. கீழே இறங்க வழியே இல்லை.

"மேஸ்திரி, இது வராது போலிருக்கே!" என்றான் ஒருவன்.

எழுபது வயதைத் தாண்டிய மேஸ்திரி டீ கிளாசைக் கீழே வைத்தார். "கீழே படுத்து என்னடா தேடுறே? கதவைத் திற. சீட்டைக் கழட்டு. கியர் பாக்ஸ் உள்ளே வழியாத்தான் வரும்" என்றார்.

பையன்கள் விழித்தார்கள். அச்சகக்காரரும் விழித்தார்.

"உங்களுக்கு எப்படி மேஸ்திரி தெரியும்? இந்தக் காரை முன்னே பார்த்திருக்கீங்களா?"

"இதைப் பார்த்ததில்லை சார். இதோட அண்ணனை நூறு தடவை பிரிச்சிருக்கேன். ஹெரால்டு!"

மெட்ராஸ் சொந்தம்

மேஸ்திரி சொன்னது உண்மைதான். இங்கிலாந்தில் 1959ல் வெளிவந்தது டிரையம்ப் ஹெரால்டு கார். அதற்கு உருவம் கொடுத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர். அந்த ஹெரால்டின் சேசிசையே குட்டையாக்கி, அதன் மேல் அவரே வடிவமைத்த இரண்டு சீட் கார்தான் ஸ்பிட்பயர். 1962ல் அறிமுகமாகி 1980 வரை தயாரானது.

அந்த ஹெரால்டு சென்னைக்குப் பழைய சொந்தம். 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இங்கேயே தயாராகி விற்பனைக்கு வந்தது. ஒரு காலத்தில் டாக்டர் வீட்டு வாசலிலும் வக்கீல் வீட்டு வாசலிலும் நின்ற கார் அது. இப்போது தயாரிப்பும் இல்லை; அந்தக் கம்பெனி காரும் தெருவில் அபூர்வம். ஆனால் அதைப் பிரித்து மாட்டிய கைகள் சில மிச்சம் இருக்கின்றன.

முதலில் ஒரு சோதனை

மேஸ்திரி உடனே ஸ்பானரை எடுக்கவில்லை. அச்சகக்காரரை சீட்டில் உட்கார வைத்தார். "கிளட்ச்சை மிதிங்க... விடுங்க... மறுபடி மிதிங்க" என்றார். தான் முன்பக்கம் குனிந்து, என்ஜினின் முன்னால் பெல்ட் ஓடும் புல்லியையே பார்த்தார்.

மிதிக்கும் போதெல்லாம் புல்லி முன்னால் நகர்ந்தது. விட்டால் பின்னால் போனது.

மேஸ்திரி முகம் மாறியது. "கிளட்ச் மட்டும் இல்லை சார். திரஸ்ட் வாஷரும் போயிருக்கு" என்றார்.

திரஸ்ட் வாஷர் என்பது பிறை நிலா போன்ற இரண்டு சின்னத் தகடுகள். கிளட்ச்சை மிதிக்கும்போது கிராங்க் ஷாப்ட் முன்னால் தள்ளப்படும். அது நகராமல் தாங்குவது இந்தத் தகடுகள்தான். இவை தேய்ந்து கீழே விழுந்துவிட்டால், கிராங்க் நேராக என்ஜின் பிளாக்கையே அரைக்கும். அப்புறம் என்ஜினே வீண். டிரையம்ப் என்ஜின்களுக்கு இது பிறவிக் குறை.

"பிளேட்டை மட்டும் மாத்தி அனுப்பியிருந்தா, வண்டி ஜோரா ஓடும். கொஞ்ச நாள் கழிச்சு என்ஜினைப் பழைய இரும்புக்குத்தான் போடணும்" என்றார் மேஸ்திரி.

பிளேட் மட்டும் போதாது

இங்கேதான் தகராறு வந்தது. சிக்கனம் பார்த்து அச்சகக்காரர் இங்கிலாந்திலிருந்து கிளட்ச் பிளேட் ஒன்றை மட்டும் வரவழைத்து வைத்திருந்தார். மேஸ்திரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பிரஷர் பிளேட் எங்கே? ரிலீஸ் பேரிங் எங்கே?"

"அதெல்லாம் நல்லாத்தானே இருக்கும் மேஸ்திரி?"

"இருக்கலாம் சார். ஆனா பேரிங் ஆறு மாசத்துல கத்த ஆரம்பிச்சா, மறுபடி சீட்டைக் கழட்டி, கியர் பாக்சைத் தூக்கணும். சாமானை விட வேலைக்கூலிதான் ஜாஸ்தி. ஒரு தடவை பிரிச்சா மூணையும் மாத்திடணும்."

அச்சகக்காரர் மறு பேச்சுப் பேசவில்லை. மீதிச் சாமான்களுக்கும் வாஷருக்கும் ஆர்டர் போனது. பார்சல் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை கார் தகரக் கூரைக்குக் கீழே தூங்கியது.

இரண்டு நாள் வேலை

பார்சல் வந்ததும் வேலை தொடங்கியது.

பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். சீட்டும் தரை விரிப்பும் வெளியே வந்தன. கியர் லீவரையும், நடுவே மேடு போல இருக்கும் மூடியையும் எடுத்தார்கள். அவ்வளவுதான், கியர் பாக்ஸ் முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தது!

பின் சக்கரத்துக்குப் போகும் ஷாப்ட்டின் நான்கு போல்ட், ஸ்பீடாமீட்டர் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் பிரிந்தன. கிளட்ச் ஆயில் குழாயை மட்டும் மேஸ்திரி திறக்க விடவில்லை. "சிலிண்டரை அப்படியே உருவி ஓரமா கட்டி வை. குழாயைத் திறந்தா காத்து பூந்துக்கும்" என்றார்.

என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்தார்கள். சுற்றியுள்ள போல்ட்டுகளை எடுத்ததும், இரண்டு பேர் கியர் பாக்சைப் பின்னால் இழுத்து, சாய்த்துத் தூக்கி, கதவு வழியாக வெளியே கொண்டு வந்தார்கள். தெருவில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

பழைய பிளேட்டைப் பார்த்ததும் எல்லாம் விளங்கியது. இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த லைனிங் ரிவெட் வரை தேய்ந்து போயிருந்தது. பிளைவீலில் சூட்டினால் நீல நிறத் திட்டுகள்.

கிளட்ச்சின் வேலை எளிது. என்ஜினோடு சுற்றும் பிளைவீல் ஒரு பக்கம். அமுக்கும் பிரஷர் பிளேட் மறுபக்கம். நடுவில் மாட்டிக்கொண்டு சுற்றுவது கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் பிடி தளரும், விட்டால் இறுகும். லைனிங் தேய்ந்தால் பிடி வழுக்கும், சூடு ஏறும். சூடு ஏற ஏற இன்னும் தேயும்.

பிளைவீலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்தார்கள். புது பிளேட்டை நடு மையத்தில் நிறுத்த, மேஸ்திரி ஒரு மரக்குச்சியைக் கடைந்து வைத்திருந்தார். "மையம் தப்பினா கியர் பாக்ஸ் உள்ளே போகாது" என்று சொல்லி, கவரின் போல்ட்டுகளை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பிறகு அடியில் சம்ப்பைக் கழற்றி, திரஸ்ட் வாஷர்களையும் மாற்றினார். பழைய வாஷர் ஒன்று பாதி தேய்ந்து கிடந்தது.

"சிக்னல்ல என்ன செய்வீங்க?"

இரண்டாம் நாள் சாயங்காலம் கார் ஓடியது. ஜெமினி பாலத்தில் சிணுங்காமல் ஏறி இறங்கியது. புரோக்கர் போன் செய்தபோது, "கார் விற்பனைக்கு இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார் அச்சகக்காரர்.

பணம் கொடுக்கும்போது மேஸ்திரி ஒரு கேள்வி கேட்டார்.

"சிக்னல்ல நிக்கும்போது என்ன செய்வீங்க சார்?"

"கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டு ரெடியா இருப்பேன்."

"அதுதான் வாஷரையும் பேரிங்கையும் தின்னுது! நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துடுங்க. ஓட்டும்போதும் பெடல் மேலே கால் வைக்காதீங்க. ஏத்தத்துல வண்டியை நிறுத்த ஹாண்ட் பிரேக் இருக்கு, கிளட்ச்ல நிறுத்தாதீங்க."

இது ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் சொன்ன புத்தி அல்ல. கிளட்ச் பெடல் உள்ள எந்த வண்டிக்கும் பொருந்தும். உங்கள் வண்டியில் சந்தேகம் இருந்தால், ஆள் இல்லாத சமதரையில் ஹாண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, டாப் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டுப் பாருங்கள். என்ஜின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், உடனே ஒர்க்ஷாப்புக்கு விடுங்கள்.

அச்சகக்காரர் புறப்பட்டுப் போனதும், மேஸ்திரி அந்த மரக்குச்சியைத் துடைத்து ஒரு பையனிடம் கொடுத்தார். "பத்திரமா வைடா. அடுத்த தடவை நீதான் மாட்டணும்" என்றார்.