சீலோம் சாலையில் விஜயதசமி

பாங்காக் நகரில் சீலோம் சாலையும் பான் சாலையும் கூடும் முனையில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. மன்னர் சூலலாங்கோர்ன் ஆண்ட காலத்தில், 1879-ஆம் ஆண்டு வாக்கில், வைத்தி படையாட்சி என்ற தமிழர் முன்னின்று எழுப்பிய கோயில் இது. பிழைப்புத் தேடி, அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்துக்குப் போன தமிழர்கள் ஊரிலிருந்த மாரியம்மனையும் கூடவே கொண்டுபோனார்கள். உள்ளூர் மக்கள் இக்கோயிலை ‘வாட் கேக்’ என்கிறார்கள். அம்மனை உமாதேவி என்று கும்பிடுகிறார்கள். இங்கே நடக்கும் நவராத்திரி இன்று பாங்காக்கின் பெரிய விழாக்களில் ஒன்று. திரண்டு வரும் கூட்டத்தில் தமிழர்கள் சிறு பகுதிதான். பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள்.

புரட்டாசி அமாவாசை நெருங்கும்போதே நகரத்தின் சாப்பாடு மாறத் தொடங்கிவிடும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஒன்பது நாள் சைவ நோன்பு இருப்பது தாய்லாந்துச் சீனர்களின் வழக்கம். அதுவும் அமாவாசைக் கணக்கில் வருவதால், பெரும்பாலான ஆண்டுகளில் நவராத்திரியும் அந்த நோன்பும் ஒட்டியே வருகின்றன. சிவப்பு எழுத்துப் பொறித்த மஞ்சள் கொடி பறந்தால் அந்தக் கடையில் நோன்புச் சாப்பாடு கிடைக்கும் என்று பொருள். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும் பாலும்கூட அதில் சேராது. மீன் சாறு இல்லாமல் சமையலே இல்லை என்னும் ஊரில் இது எளிய காரியமல்ல. அம்மனுக்கு விரதம் இருப்பவர்களும் இதே கடைகளில் சாப்பிடலாம். இரு சமூகங்களின் விரதம் ஒரே தட்டில் சேர்வது எந்தத் திட்டமும் போடாமல் தானாக அமைந்த அழகு.

பான் சாலையில் கோயிலை ஒட்டிய கடைகளில் ஆண்டு முழுவதும் தேங்காய், வாழைப்பழம், சூடம், பூமாலை விற்பனை உண்டு. நவராத்திரி வந்தால் செண்டுமல்லி மாலைகள் மலையாகக் குவியும். இரவெல்லாம் விழித்திருக்கும் பாக் க்லோங் பூச்சந்தையில் செண்டுமல்லி மூட்டைகள் அந்த நாட்களில் வேகமாகக் கைமாறும். மாலை கட்டுவதில் தாய்லாந்துப் பெண்கள் தேர்ந்தவர்கள். மல்லிகை மொட்டுகளை நீண்ட ஊசியில் வட்ட வட்டமாகக் கோத்து, இழைகூடப் பிசகாமல் இறுக்குவது அவர்கள் பாணி. நம் ஊர்ப் பூக்காரம்மா விரலாலேயே நாரில் முடிச்சுப் போடுவது வேறு வித்தை. இரண்டு வகை மாலையும் ஒரே அம்மன் கழுத்தில் விழுகிறது.

விஜயதசமிதான் உச்சம். அன்று பிற்பகலிலிருந்தே சீலோம் சாலையின் ஓரங்களில் வழிபாட்டு மேடைகள் எழும்பும். வங்கிகளும் அலுவலகக் கோபுரங்களும் நிற்கும் சாலை அது. மேசை போட்டு, துணி விரித்து, உமாதேவி படமோ பிள்ளையார் சிலையோ வைத்து, சுற்றிலும் தேங்காய், பழம், கரும்பு, மாலை, மெழுகுவத்தி என்று அடுக்குவார்கள். கடைக்காரர்கள் தங்கள் வாசலில் வைப்பார்கள். தொலைவிலிருந்து வருபவர்கள் இடம்பிடித்து வைப்பார்கள். மாலையானதும் வாகனப் போக்குவரத்து நின்றுவிடும். வெள்ளை உடுத்தியவர்கள் நடைபாதையில் பாய் விரித்து, குழந்தைகளோடு அமர்ந்து காத்திருப்பார்கள்.

இருட்டியதும் ஊர்வலம் கோயிலிலிருந்து புறப்படும். அருள் வந்தவர் பூக்கரகம் தாங்கி வருவார். முருகனுக்குரிய காவடியும் வரும். அலங்கரித்த வண்டியில் அம்மன் எழுந்தருள்வாள். மேடைகளின் முன் தேங்காய்கள் சிதறும். தார்ச் சாலை முழுக்க செண்டுமல்லி இதழ்கள் பரவும். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத மனிதர்கள் கைகூப்பிக் கண்ணீர் மல்க நிற்பதைப் பார்த்தால், பக்திக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை என்பது விளங்கும்.

தாய்லாந்துக்குத் தமிழ் வழிபாடு போனது இந்தக் கோயிலோடு மட்டும் அல்ல. 1784-இல் கட்டப்பட்ட தேவஸ்தானம் என்ற பிராமணர் கோயிலில், ‘திரியம்பாவாய் திரிப்பாவாய்’ என்ற அரச சடங்கில் நம் திருவெம்பாவை, திருப்பாவை மரபு ஒலி திரிந்த வடிவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதோடு சேர்ந்து நடந்த பிரம்மாண்ட ஊஞ்சல் விழா 1935-இல் நின்றுபோனது. ஊஞ்சலின் சிவப்புத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. அரண்மனையை நம்பிய விழா சுருங்கியது. மக்கள் கையிலெடுத்த மாரியம்மன் விழா வளர்கிறது.

நம் ஊரிலும் இதே விழாக் காலம்தான். திருப்பூர் நல்லூர் வட்டாரத்தில் விஜயதசமிக்கு முந்தைய நாள் பனியன் கம்பெனிகளில் ஆயுத பூஜை. ஓவர்லாக் மெஷினுக்கும் கட்டிங் டேபிளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை பகிர்ந்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அதே நேரத்தில்தான் சீலோமில் மறுநாள் மேடைக்கு வேண்டிய பொருள்களைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். வியாபாரத்துக்கோ சுற்றுலாவுக்கோ அந்த நாட்களில் பாங்காக் போகிறவர்கள் விஜயதசமி மாலையைச் சீலோமுக்கு ஒதுக்கிவைக்கலாம். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. உள்ளே போனதும் செல்போனைப் பையில் வைத்துவிடுங்கள்.