சிறுதுளை முதுகெலும்பு அறுவை சிகிச்சை: ஒப்புதலும் உரிமையும்

முள்ளெலும்புகளுக்கிடையே அதிர்வைத் தாங்கும் இடைத்தட்டு, அதாவது மக்கள் டிஸ்க் என்றும் ஜவ்வு என்றும் குறிப்பிடுவது, வயது ஏற ஏற நீர்ச்சத்தை இழந்து தேய்வது இயல்பு. அதன் வெளிவளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ்ப்பகுதி பிதுங்கி நரம்பை அழுத்தும்போது, இடுப்பிலிருந்து பாதம்வரை இழுக்கும் சயாட்டிகா வலி தோன்றுகிறது. வலியே இல்லாதவர்கள் பலரின் எம்.ஆர்.ஐ. படத்திலும் தேய்மானம் காணப்படுவதால், வலி பரவும் பாதையும் பாதத்தின் வலுவும் படத்தில் அழுத்தம் தெரியும் நரம்போடு பொருந்துகின்றனவா என்று பாராமல் அறுவையை முடிவு செய்வது முறையன்று.

புதிதாகத் தோன்றும் சயாட்டிகா வலி பெரும்பாலோருக்கு மருந்தாலும் இயன்முறை சிகிச்சையாலும் 6 முதல் 12 வாரங்களில் தணிந்துவிடுகிறது. ஆனால் சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டை மீறுதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் விரைந்து வலுவிழத்தல் ஆகியவை நரம்புக்கற்றை நசுங்குவதன் அறிகுறிகளாதலால், அந்நிலையில் உடனே மருத்துவமனை சேர வேண்டும்.

நுண்ணோக்கியின் துணையுடன் ஏறக்குறைய 2 முதல் 3 செ.மீ. கீறல் வழியாகவும், எண்டோஸ்கோப் கருவியால் சுமார் 1 செ.மீ. துளை வழியாகவும் பிதுங்கிய பகுதி அகற்றப்படுகிறது. தசைச் சேதமும் மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைந்தாலும், தண்டுவட உறை கிழிதல், நரம்புக் காயம், கிருமித் தொற்று, மீண்டும் பிதுங்குதல் ஆகிய இடர்கள் கீறல் சிறிதென்பதால் இல்லாமல் போவதில்லை. மேலும், இச்சிகிச்சை கால்வலிக்குத் தரும் பலனை வெறும் முதுகுவலிக்கு அதே உறுதியுடன் தருவதில்லை.

சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், முக்கிய இடர்கள், மறுத்தால் நேரும் விளைவு ஆகியவற்றை அறிந்த பின் தரப்படுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்றும், ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் உயிர்காக்கும் அவசரமன்றி வேறொன்றுக்குப் பொருந்தாது என்றும் உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாக்கியது. ஆகவே, எந்த முள்ளெலும்புகளுக்கிடையே, எப்பக்கம், எம்முறையில் அறுவை நடைபெறும் என்பதும், தேவைப்பட்டால் திருகாணி பொருத்தப்படுமா என்பதும் ஒப்புதல் படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்விடங்கள் வெறுமையாக உள்ள படிவத்தில் கையெழுத்திடலாகாது.

மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதென 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை மாநில மருத்துவ மன்றத்திடம் அளிக்கலாம். எனினும், வலி தீரவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது என்பதால், ஸ்கேன் படங்கள், ஒப்புதல் படிவத்தின் நகல், அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, ரசீதுகள் ஆகிய அனைத்தையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துவது ஒவ்வொரு நோயாளிக்கும் இன்றியமையாதது.