கடமானும் படக்கருவியும்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என இரு தெருக்கள் உள்ளன. முன்னது ஆங்கிலம், பின்னது மலாய், இரண்டும் குறிப்பது எருமையையே. 19ஆம் நூற்றாண்டில் அங்கு நடந்த கால்நடை வாணிகத்தின் நினைவு அது. எருமையின் தலையில் உள்ளதையும், அதே தீவின் வடபால் மண்டாய்க் காட்டில் வாழும் கடமானின் தலையில் உள்ளதையும் கொம்பு என்றே வழங்குகின்றோம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மானைப் படம்பிடிப்போரும், அப்படத்தைக் கொண்டு பாடம் நடத்துவோரும் இவ்வேறுபாட்டை முதற்கண் அறிதல் வேண்டும்.

எருமைக் கொம்பு, எலும்பின்மேல் நகம்போன்ற உறை படிந்தது, உதிர்வதில்லை, இருபாலுக்கும் உண்டு. கடமான் கொம்போ முழுதும் எலும்பு, ஆணுக்கே உரியது, உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வளருங்கால் குருதி ஓடும் மென்தோல் அதனைப் போர்த்திருக்கும். அப்பொழுது அடிபட்டால் புண்படும். வளர்ந்து முற்றியதும் தோல் காய்ந்து உரியும். வடநாடுகளின் எல்க், மூஸ் முதலியவற்றிற்கும் இஃதே இயல்பு.

எனவே, கொம்பில்லாத கடமானின் படத்தைக் கண்டதும் பிணை என முடிவு செய்தல் தவறு. அது கொம்புதிர்த்த கலையாகவும் இருக்கலாம். சென்ற ஆண்டுக் கொம்பை அடையாளமாகக் கொண்டு இவ்வாண்டு அவ்விலங்கை இனங்காண்பதும் அரிது. நாள் குறிக்காத படம் அரைப் படமே.

வேட்டையாலும் காடழிவாலும் 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இத்தீவில் கடமான் அற்றுப்போயிற்று எனலாம். 1970களில் உயிரியல் தோட்டத்திலிருந்து தப்பிய சிலவற்றின் வழிவந்தவையே இன்றுள்ளவை எனக் கருதுகின்றனர். அவை இரவில் மேய்பவை. மேயும் காட்டோரத்திலோ சாலைகள். திடீர் ஒளியால் வெருண்ட மான் வண்டியின்முன் பாயுமாயின், ஒரு படத்தின் விலை ஓர் உயிராகிவிடும் அன்றோ?

இதற்கு வழியும் உண்டு. வேட்டைக்காரராயிருந்த அமெரிக்கர் ஜார்ஜ் ஷைராஸ், துப்பாக்கியை விடுத்துப் படக்கருவியை ஏந்தினார். விலங்கு கம்பியைத் தீண்டினால் தானே இயங்கும் கருவியையும் அமைத்தார். அவருடைய இரவுப் படங்கள் 1906இல் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்தன. அவர் பயன்படுத்திய பளிச்சொளி விலங்கைத் திடுக்கிடச் செய்தது. இன்றைய தானியங்கிக் கருவியோ உடற்சூட்டை உணர்ந்து, அகச்சிவப்பு ஒளியில் அமைதியாகப் படம் எடுக்கின்றது. 2019இல் மண்டாய் ஏரிச் சாலைக்கு மேலே விலங்குகளுக்கென அமைந்த பாலத்தில் கடமான் நடந்து சென்றதைக் காட்டியவை இத்தகைய கருவிகளே.

நேரிற் காண்போர் தொலைவில் நின்று, ஒளி பாய்ச்சாது, மான் தலைநிமிர்ந்து நோக்கின் அசையாதிருத்தல் வேண்டும். மான் அறியாமல் எடுத்த படமே நல்ல படம் என்பதனை மாணவர்க்கும் உணர்த்துதல் ஆசிரியர் கடன்.