தாஜ் ஓட்டலில் ஒரு பேய்

பேய் உண்டா, இல்லையா என்பது பட்டிமன்றத்துக்கு உரிய பொருள். பேய்க்கதை எவ்வாறு பிறக்கிறது என்பதோ ஆராய்ச்சிக்கு உரிய பொருள். அத்தகைய கதை ஒன்றைக் காண்போம்.

மும்பைத் தாஜ்மகால் ஓட்டலுக்குத் திட்டம் வரைந்தவர் டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயராம். வரைபடத்தைக் கொடுத்துவிட்டுத் தாயகம் சென்றாராம். திரும்பி வந்து பார்த்தால், கட்டடம் முன்பின்னாக மாறிக் கடலுக்கு முதுகு காட்டி நின்றதாம். மனமுடைந்து மாடியிலிருந்து குதித்து மாண்டாராம். அவருடைய ஆவி பழைய கட்டடத்தில் இன்றும் உலவுகிறதாம். எத்தனை 'ஆம்' பார்த்தீர்களா!

உண்மை யாது? பெங்களூரில் 1909-இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகத்துக்கு வித்திட்ட ஜம்சேட்ஜி டாடாவே இந்த ஓட்டலையும் எழுப்பியவர். திட்டம் வரைந்தவர்கள் சீதாராம் காண்டேராவ் வைத்யா, டி. என். மிர்சா என்னும் இந்தியர்கள். வேலை நடக்கும்போதே, 1900-இல், வைத்யா மறைந்தார். பின்னர்ப் பணியை ஏற்று முடித்தவரே சேம்பர்ஸ். 1903 டிசம்பர் 16-இல் ஓட்டல் திறக்கப்பட்டது. தாமே முடித்த கட்டடத்தைக் கண்டு அவர் திடுக்கிடுவானேன்?

முதுகு காட்டிய கதைக்கு வருவோம். ஓட்டலுக்குக் கிழக்கே துறைமுகம், மேற்கே நகரம். அந்நாளில் குதிரை வண்டிகள் நகரப் பக்கமிருந்து வந்தன. வாயிலும் அங்கேதான் இருந்தது. மேலும், பகலில் நிலம் விரைந்து சூடேற, அதன்மேலுள்ள காற்று மேலெழுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று ஓடி வருகிறது. மும்பையில் அது மேற்கிலிருந்து வீசும். இரு சிறகுகளை நீட்டி மேற்கே திறந்து நிற்கும் கட்டடம் அக்காற்றை அள்ளிக்கொள்ளுமன்றோ? பின்னாளில் வாயில் கடற்பக்கம் மாறியது. பழைய வாயிற்புறத்தில் இன்று நீச்சல்குளம். வாயில் மாறியதே வதந்திக்கு வாயிலாயிற்று!

2008 நவம்பர் 26-இல் தொடங்கிய பயங்கரவாதத் தாக்குதலில் இவ்வோட்டலில் 31 பேர் உயிரிழந்தனர். தீயில் சிதைந்த பழைய கட்டடம் செப்பனிடப்பட்டு, 2010 ஆகஸ்ட் 15-இல் மீண்டும் திறந்தது. மாண்டவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. நினைக்க வேண்டிய இறப்பு அங்கே உண்டு. அதற்குப் பேய் தேவையில்லை.

இந்தக் கதையில் பேய்க்குப் பெயர் கிடைத்தது. வரைந்த கைகளுக்குக் கிடைக்கவில்லை. இத்துணைப் பெரிய மாளிகையை இந்தியர் வரைந்திருப்பரா என்ற ஐயமே அக்கதைக்கு உரமாயிற்று போலும். தோழர்களே, நம் எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடி மாளிகைகளுக்குச் செங்கல் சுமந்தவர்களுள் ஊர்விட்டு வந்த நம்மவரும் உண்டு. அவர்கள் பெயரைக் கேட்டறிந்து எழுதி வைப்போம். எழுதாத இடத்தில்தான் பேய் குடியேறுகிறது.