அந்தரங்க முறையீடு

ஊழியம் புரியுமிடத்தில் ஒரு முறைகேட்டைக் கண்ணுற்றவன் அதனை யாரிடம் உரைப்பது, எவ்வாறு உரைப்பது, உரைத்தபின் அவன் பிழைப்பு என்னாவது என்னும் மூன்று வினாக்களும் மிகப் பழையன. சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியதென்றும், கன்றை இழந்த பசு அதனை அசைத்து நீதி பெற்றதென்றும் நாம் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். அம்மணி ஊரறிய ஒலிப்பது. பசுவுக்கோ அஞ்சவேண்டிய எஜமானனும் இல்லை. இழக்கவேண்டிய சம்பளமும் இல்லை. மாதச் சம்பளத்தால் குடும்பத்தைத் தாங்கும் குமாஸ்தா ஒருவன், தன் மேலதிகாரியின் பொய்க்கணக்கைக் கண்டவிடத்து, அவ்வாறு மணியசைக்கத் துணிவானோ? அத்தகையோர் பொருட்டு ஏற்பட்டதே அந்தரங்க முறையீடு. அதன் இயல்பை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். அந்தரங்க முறையீடு வேறு. மொட்டைக் கடிதம் வேறு. மொட்டைக் கடிதம் எழுதுவோன் தன் பெயரை எல்லோரிடத்தும் மறைக்கின்றான். ஆதலின் அவனை மீண்டும் வினவி மெய்ப்பொருள் காண வழியில்லை. அந்தரங்கமாக முறையிடுவோனோ தன் பெயரைக் கேட்போர் ஒருவரிடம் ஒப்புவிக்கின்றான்; அவர் அதனைப் பிறரறியாமற் காக்கக் கடமைப்படுகின்றார். எனவே இம்முறையின் உயிர்நிலை முறையிடுவோன் துணிவில் மட்டும் இல்லை. கேட்போர் வாய்மையிலேயே பெரிதும் உள்ளது.

இதனை நம் தேயத்தில் நிகழ்ந்த ஒரு துயர வரலாறு விளக்கும். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் எஞ்சினீயராக அமர்ந்தவர் சத்யேந்திர துபே என்பவர். இப்போதைய ஜார்க்கண்ட் ராஜ்யத்துக் கோடர்மாவில் சாலைப் பணியை மேற்பார்த்து வந்த அவர், அப்பணியில் தாம் கண்ட முறைகேடுகளை 2002-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரதம மந்திரிக்கு எழுதினார். தம் பெயரை வெளியிடலாகாதென்றும் வேண்டிக்கொண்டார். அவ்வாறு வேண்டியும், அக்கடிதம் அவர் இன்னாரெனக் காட்டும் விவரத்தோடு பல காரியாலயங்களுக்கு அனுப்பப்பட்டது. 2003-ம் ஆண்டு நவம்பர் 27-ம் நாள் கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலை வழிப்பறியின்பாற்பட்டதென்றே புலனாய்வாளர் கூறினர்; 2010-ம் ஆண்டில் மூவர் தண்டனையும் பெற்றனர். அது எவ்வாறாயினும், நம்பி ஒப்புவித்த பெயர் காக்கப்படவில்லை என்பதில் ஐயமில்லை. தேசமெங்கும் எழுந்த வருத்தத்துக்கு அதுவே காரணமாயிற்று.

இதன்பின், 2004-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மத்திய சர்க்கார் ஒரு தீர்மானம் செய்து, இத்தகைய முறையீடுகளை ஏற்கும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அளித்தது. அதன்படி முறையீட்டை ஒட்டிய உறையில் இட்டு, அது பொதுநல முறையீடு என்பதனை உறையின்மேற் குறித்தல் வேண்டும். குறியாவிடின் அது சாதாரண மனுவாகவே கொள்ளப்படும். முறையிடுவோர் பெயர் உறையின்மேல் இருத்தலாகாது; உள்ளே தனியே இருத்தல் வேண்டும். ஆணையம் முதலில் அவரை உசாவி, எழுதியவர் அவரே என்று உறுதி செய்துகொள்ளும். மத்திய சர்க்கார் ஊழியரையும், நாட்டுடைமையான வங்கிகள் போன்ற ஸ்தாபனங்களையும் பற்றியவற்றுக்கு இவ்வழி பொருந்தும். ராஜ்ய சர்க்கார் ஊழியர் லஞ்சத்தைப் பற்றியவற்றைத் தமிழ்நாட்டில் 1964-ம் ஆண்டில் ஏற்பட்ட லஞ்ச ஒழிப்புத் துறையிடம் உரைக்கலாம். 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகளும் வேறு சிலவும் தம் ஊழியர் முறையிட வழி வகுக்கவும், முறையிட்டோர் பழிவாங்கப்படாமற் காக்கவும் விதித்தது. முறையிடுவோரைக் காக்க 2014-ம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பெற்றது. ஆயின் அச்சட்டம் பல ஆண்டுகள் சென்ற பின்னும் நடைமுறைக்கு வாராது கிடந்தது. ஏட்டில் எழுதுதல் எளிது, காத்தலே அரிது.

பெருநகரங்களை விட்டுச் சிற்றூர்களை நோக்கின் இவ்வருமை இன்னும் விளங்கும். ஜவ்வாது மலையைச் சார்ந்து, செய்யாற்றங்கரையில் உள்ள கலசப்பாக்கம் போன்றதோர் ஊரை எண்ணுக. மலைமக்கள் கொணரும் சாமை, புளி, தேன் முதலியவற்றை வாங்கும் ஓரிடத்தில் தராசு பொய்க்கின்றதென்று வைத்துக்கொள்வோம். அதனை அறிந்தோர் நிறுப்பவனும் கணக்கெழுதுவோனுமாகிய இருவரே. கணக்கெழுதுவோன் முறையிட்டால், அவன் பெயரை மறைத்தும் பயனென்ன? செய்தியே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அவன் வாய்மூடின், நட்டம் மலையிறங்கிச் சுமைதூக்கி வந்த ஏழைகள் தலையில் விழும். இங்கே கேட்போரின் விவேகம் வேண்டப்படுகின்றது. அந்தத் தராசை மட்டும் சோதியாது, சுற்றுவட்டாரத்துத் தராசுகள் யாவற்றையும் வழக்கமான சோதனைபோல் ஒருங்கே சோதிப்பரேல், உண்மையும் வெளிப்படும், உரைத்தவனும் பிழைப்பான்.

தொழிலிடத்துப் பெண்டிர்க்கு நேரும் அவமதிப்புக்கும் இதுவே பொருந்தும். 2013-ம் ஆண்டின் சட்டப்படி, பத்துப்பேரேனும் வேலைசெய்யும் இடத்தில் விசாரணைக் கமிட்டி அமைதல் வேண்டும். அதனிற் குறைந்த சிறு கடைகளிலும் ஆலைகளிலும் உள்ளோர் ஜில்லாவுக்குரிய கமிட்டியிடம் முறையிடலாம். நிகழ்ச்சி நேர்ந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தல் வேண்டும். முறையிட்டவர், குற்றஞ்சாட்டப்பட்டவர், சாட்சிகள் ஆகியோர் பெயரை வெளியிடுதலை அச்சட்டம் தடுக்கின்றது.

"இது கோள் சொல்லுதல் அன்றோ? உடனுழைப்போனைக் காட்டிக்கொடுத்தல் தகுமோ?" என்பார் உளர். கோளுரைப்போன் தன் நலங் கருதிப் பிறன் குறையைத் தூற்றுகின்றான். முறையிடுவோனோ வாய்பேசவியலாத பிறர் பொருளைக் காக்கின்றான். உத்தரமேரூர்க் கல்வெட்டு, பராந்தக சோழன் காலத்தில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதாரை மட்டுமன்றி அவர்தம் உறவினரையும் மீண்டும் வாரியத்துக்குத் தகாரென விலக்கியது. பொதுப்பொருளின் கணக்கு ஒருவர் சொந்தக் காரியம் அன்றென்பது நம் முன்னோர் கொள்கை.

ஆயினும் முறையிடுவோர்க்கும் கடமைகள் உள. கண்டதனையும் கேட்டதனையும் வேறுபிரித்து எழுதுக. நாள், இடம், தொகை ஆகியவற்றைக் குறிக்க. தன்னை இன்னானெனக் காட்டும் சொற்களை முறையீட்டின் நடுவே புகுத்தற்க. சிறு பிழையாயின், செய்தவனிடமே தனித்துச் சென்று இன்சொல்லால் திருத்த முயல்க. பகைமையால் பொய் புனைதல் குற்றமற்றவன் வாழ்வைக் கெடுப்பதோடு, நாளை உண்மை உரைப்போன் சொல்லையும் ஐயத்துக்கிடமாக்கும்.

நம் கலாசாலையினின்று வெளிச்செல்லும் மாணவருட் பலர் ஊழியராவர். அவருட் சிலர் காலப்போக்கில் மேலதிகாரிகளாவர். பழைய மாணவர் பலர் இன்றே அந்நிலையில் உள்ளனர். அவர்கள் மேசைமீது என்றேனும் ஓர் ஒட்டிய உறை வந்து சேரக்கூடும். அதனுள் இருப்பது குற்றச்சாட்டு மாத்திரமன்று. அஞ்சியஞ்சி எழுதிய ஒருவரின் வாழ்வும் அதனுள் இருக்கின்றது. உறையைத் திறப்போர் அப்பெயரைத் தம் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டி, உரைத்த செய்தியை அஞ்சாது ஆராய்வாராக.