முக்காலியின் மேல் ஒரு நடுக்கம்

ஊரிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், கோல்டன் கேட் பாலத்தை மரின் குன்றுகளின் பக்கமிருந்து இரவில் படமெடுத்து வந்து காட்டினார். நல்ல கனமான முக்காலி. ஒவ்வொரு படத்துக்கும் 30 விநாடி. ஆனாலும் விளக்குகள் எல்லாம் புழுப்போல் நெளிந்திருந்தன. அங்கே வீசும் காற்றைத்தான் அவர் திட்டினார். கடைசி இரண்டு படங்கள் மட்டும் கத்தி போல் கூர்மை. அதே இடம், அதே காற்று. அவற்றுக்கு முன்னால்தான் லென்ஸின் பக்கவாட்டில் உள்ள நடுக்கத்தடுப்பு விசையை அணைத்திருக்கிறார். மறுநாள் அவருக்கு விமானம். அந்த இரண்டு படங்கள்தான் மிச்சம்.

நடுக்கத்தைத் தடுக்க வந்ததே நடுக்கத்தை உண்டாக்குமா? உண்டாக்கும்.

மாற்றத்தக்க லென்ஸ்களில் இந்த வசதியை முதலில் தந்தது கேனான், 1995 இல், ஒரு 75-300 மி.மீ. லென்ஸில். உள்ளே இருக்கும் கைரோ, காமிரா எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும். அதற்கு எதிர்த்திசையில் ஒரு கண்ணாடித் தொகுதி நகரும். (சில காமிராக்களில் சென்சாரே நகரும்.) இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைரோ அளப்பது வேகத்தை. நமக்கு வேண்டியதோ கோணம். வேகத்தைக் கணத்துக்குக் கணம் கூட்டித்தான் கோணத்தைப் பெற முடியும். அசையாமல் நிற்கும் கைரோவும் சரியாகப் பூஜ்யம் காட்டாது, துளி பிசகும். மளிகைக் கடைக் கணக்கில் தினம் பத்து பைசா உதைப்பது போலத்தான். ஒரு நாளில் தெரியாது, வருஷக் கடைசியில் தெரியும். 1/15 விநாடியில் அந்தப் பிசகுக்கு வளர நேரமில்லை. 30 விநாடியில் தாராளமாக இருக்கிறது. மெதுவான அசைவுகளை வடிகட்டிப் பார்க்கிறார்கள், ஆனாலும் மிச்சம் இருக்கும். பழைய லென்ஸ்கள் சிலவற்றில், தன் மோட்டாரின் அதிர்வையே கை நடுக்கமாக எண்ணி அதையும் திருத்தப் போகிற கூத்தும் உண்டு.

முக்காலியில் இருப்பதைத் தானே கண்டுகொள்ளும் லென்ஸ்கள் 1999 முதல் வந்துவிட்டன. இருந்தாலும் விநாடிக் கணக்கில் ஷட்டரைத் திறப்பதானால் அணைத்துவிடுவதே என் கட்சி. ஒற்றைக்கால் தாங்கி, ஆடும் படகு, நீண்ட லென்ஸில் 1/60 விநாடி என்றால் அணைக்க வேண்டாம். காற்றுக்கு மருந்து வேறு: நடுத்தண்டை இறக்குங்கள், பையை அதில் தொங்கவிடுங்கள், இரண்டு விநாடி டைமர் வையுங்கள்.

பிசகே இல்லாத கைரோ கிடைத்தால்? அப்போதும் ஒரு சிக்கல். கைரோவுக்குப் பூமி சுழல்வதும் ஓர் அசைவுதான், விநாடிக்கு 15 வில்விநாடி. நடுக்கத்தடுப்பு ஒரு கட்டத்துக்கு மேல் முன்னேறப் பூமியின் சுழற்சியே தடை என்று ஒலிம்பஸ் பொறியாளர் ஒருவர் 2016 இல் சொன்னார். (2019 இல் அவர்களே அந்தக் கட்டத்தைத் தாண்டினார்கள் என்பது வேறு கதை.) 50 மி.மீ. லென்ஸில் 30 விநாடிக்கு இது அதிகபட்சம் 0.11 மி.மீ. வரை வரும், 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரில் ஏறக்குறைய 18 பிக்சல்.

பென்டாக்ஸ் இதையே தலைகீழாகப் பயன்படுத்திக்கொண்டது. 2011 இல் வந்த அதன் ஜிபிஎஸ் துணைக்கருவி, இருக்குமிடத்தையும் காமிரா பார்க்கும் திசையையும் கணக்கிட்டு, நடுக்கத்தடுப்புச் சென்சாரைப் பூமியின் சுழற்சிக்கு ஈடாக மெல்ல நகர்த்தும். அப்படி எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் புள்ளியாக நிற்கும். அசையாமல் நின்ற மரம்தான் கலங்கியிருக்கும்.