நுண்ணலைக் குழலின் பீங்கான் சாளரம்: மின்முறிவு தொடங்கும் இடம்

புயல்களைக் கண்காணிக்கச் சென்னையில் 2002-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டாப்ளர் வானிலை ரேடார், ஏறத்தாழ 10 செ.மீ. அலைநீளமுள்ள நுண்ணலைத் துடிப்புகளைக் கிளைஸ்திரான் குழலால் உருவாக்குவதாகும். எலக்ட்ரான் கற்றை இயங்க இவ்வகைக் குழலினுள் உயர் வெற்றிடம் தேவை. துடிப்புகளை ஆண்டெனாவுக்குக் கொண்டுசெல்லும் அலைவழிகாட்டியிலோ வளிமம் நிறைந்திருக்கும். இவ்விரண்டையும் பிரித்து, அலையை மட்டும் கடக்கவிடுவது மின்காப்புச் சாளரம். இது பெரும்பாலும் அலுமினாப் பீங்கானால் ஆனது. இதில் விரிசல் விழுந்தால் வெற்றிடம் அழியும், குழல் பயனற்றுப்போகும், ரேடாரும் ஓய்ந்துவிடும்.

பீங்கானின் உட்பகுதி தாங்கும் மின்புலத்தைவிடக் குறைந்த புலத்திலேயே அதன் மேற்பரப்பில் முறிவு நிகழ்கிறது. வெற்றிடப் பக்கத்தில் மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும்போது, அவ்விடம் நேர்மின்னேற்றம் பெற்று அதனை மீண்டும் ஈர்க்கிறது. இடைப்பட்ட நேரத்தில் நுண்ணலைப் புலத்திலிருந்து ஆற்றல் பெற்ற எலக்ட்ரான், மேற்பரப்பில் மோதி ஒன்றுக்கு மேற்பட்ட இரண்டாம்நிலை எலக்ட்ரான்களை வெளியேற்றுகிறது. இப்பெருக்கம், மேற்பரப்பில் ஒட்டியுள்ள வளிம மூலக்கூறுகளை விடுவிக்கிறது. அவை அயனியாகிப் பிளாஸ்மா உருவாகிறது. பிளாஸ்மா உட்கவரும் ஆற்றல், சாளரத்தைச் சீரற்றுச் சூடாக்கி விரிசலுறச் செய்யக்கூடும். வளிமப் பக்கத்தில் அழுத்தத்தை உயர்த்தினால், மூலக்கூறுகளோடு மோதல்கள் மிகுந்து, அயனியாக்கப் போதிய ஆற்றலை எலக்ட்ரான்கள் பெறுவது தடைப்படும்.

ஆகவே, சாளரத்தைத் தடிப்பாக்குவது மட்டும் தீர்வாகாது. வெற்றிடப் பக்கத்தில் சில நானோமீட்டர் தடிமனில் இடப்படும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, இரண்டாம்நிலை எலக்ட்ரான் உமிழ்வைக் குறைக்கிறது. மின்கடத்தும் தன்மையுடைய அப்பூச்சு தடித்தாலோ, அதுவே வெப்பத்திற்குக் காரணமாகும். பீங்கானின் வலிமையைப் போலவே, அதன் மேற்பரப்பின் தூய்மையும் பூச்சின் அளவும் சாளரத்தின் ஆயுளை முடிவுசெய்கின்றன.